கண்ணை மூடிக்கொண்டு சொன்ன கோள்

ஜெயசீலன், நீ செய்தது துரோகம்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. போன புதன்கிழமை வீட்டுச் செபக்கூட்டத்தில், பதினைந்து பேர் முன்னால், என் மகளின் பெயரைச் சொல்லி, நான் உன்னிடம் மட்டும் சொன்னதைச் சத்தமாகச் செபித்தாய். கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்திக்கொண்டு!

அது என்ன விஷயம் என்று வாசகர்கள் தேட வேண்டாம். எழுதமாட்டேன்.

ஆமென் சொல்லி முடியவில்லை... ரோல்ஸும் தேநீரும் வந்தன. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, பிள்ளைக்கு இப்பிடியாமே? எப்ப தொடக்கம்?"

யாரோ அதை வாட்ஸ்அப் குழுவிலும் செபக்குறிப்பாகப் போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் காலை கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, உங்களுக்கு மட்டும் எண்டுதானே சொன்னனான்?"

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பிறகு நான் எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் இல்லை.

நேரே ஜெயசீலன் வீட்டுக்குப் போனேன். வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான், முகம் கறுத்துப்போய்க் கிடக்கு?"

"ஏன்ரா சொன்னனீ?"

"எங்கை சொன்னனான்? செபிச்சனான். கதைக்கிறதும் செபிக்கிறதும் ஒண்டோ?"

"ஆண்டவருக்குக் காது கேக்காதோ, அவ்வளவு சத்தம் போட?"

"உன்ரை பிள்ளை எனக்கும் பிள்ளைதானே. எங்களுக்குள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு?"

இதைச் சொன்னவன் யார்? அந்தக் காலத்து ஜெயசீலனை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

அப்போது நான் போதகர் படிப்பில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் தேவாலயத்தின் கடைசி மர வாங்கில் உட்கார்ந்திருப்போம். ஒருவன் மனதில் உள்ளதைச் சொல்லுவான். மற்றவன் அவனுக்காகச் செபிப்பான் — முன் வாங்கில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில். சொன்னவனே மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாலொழிய மற்றவன் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் மீறியதில்லை.

ஒருநாள் அங்கே சொன்னேன். "மச்சான், எனக்கு விசுவாசமே இல்லை. படிப்பை விட்டிட்டு வரப்போறன்."

அவன் புத்தி சொல்லவில்லை. ஒரு நிமிடம் செபித்தான். பிறகு, "வா, சைக்கிளுக்குக் காத்தடிப்பம்" என்றான்.

சில நாள் கழித்து அவன் வீட்டில் புட்டுச் சாப்பிட்டோம். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம், அவன் அம்மாவின் குரல் கேட்டது.

"என்னடா, உவன் படிப்பை விடப்போறானாம் எண்டு கதை அடிபடுது. மெய்யோ?"

"அவனைத்தான் கேளுங்கோ, அம்மா."

"உன்ரை வாயென்ன, பாங்க் லொக்கரோ?"

அவன் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டான்.

படிப்பை விட்டேன். பல வருடம் கழித்து, என் பாட்டில், அதே வாங்குக்குத் திரும்பி வந்தேன். அந்த மூடிய வாயும் அதற்கு ஒரு காரணம்.

சரி... மகள் கேட்ட கேள்வி யாரிடம்? அவனிடமா? என்னிடம்தானே! பாரம் தாங்காமல் அவனிடம் கொண்டுபோய்க் கொட்டியவன் நான். தகப்பன் என்றால் பிள்ளையின் விஷயம் தன் விஷயம் என்ற நினைப்பு. "மகளுக்காகச் செபி மச்சான்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆண்டவருக்கு முழுக் கதையும் தெரியும். ஜெயசீலனுக்குத் தெரிய என்ன தேவை?

சனிக்கிழமை மகள் பேசினாள். மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

"என்ன விஷயமெண்டு மட்டும் எழுதாதேங்கோ. இனி உங்களிட்டைச் சொல்லுறதோ எண்டு நான் யோசிக்கவேணும், அப்பா."

யோசிக்கட்டும். அது அவள் உரிமை.

ஜெயசீலன், என் பிழையை ஊரே வாசிக்க எழுதிவிட்டேன். வருகிற புதன்கிழமை, அதே பதினைந்து பேர் முன்னால் எழும்பு. செபிக்காதே. கண்ணைத் திறந்துகொண்டு பதில் சொல்: அன்று உன் அம்மாவுக்குச் சொன்ன அந்த மூன்று சொற்களை எங்கே தொலைத்தாய்?