அண்ணனுக்கு என்ன சோப்பு?

போன வாரம் ஒரு பெரியவர் சர்க்கரை அளவு பார்க்க எங்கள் லேபுக்கு வந்தார். காலையிலேயே சவரம் செய்து, குளித்து, நெற்றியில் நீறு பூசி, கோயிலுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். ரத்தம் எடுக்க அவர் கையைப் பிடித்துக் குனிந்தபோது, சவரத்துக்குப் பிறகு தடவிக்கொள்ளும் லோஷனின் வாசனை என் மாஸ்க்கையும் தாண்டி வந்தது. குளுகுளுவென்று, கொஞ்சம் எரிச்சலாக ஒரு வாசனை. சட்டென்று எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

அப்படி ஒருவர் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நடத்த வைத்தது ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்த்த பெண்.

எனக்குச் சொந்த ஊர் மாரண்டஹள்ளி. படிப்பை முடித்ததும் தர்மபுரியில் இந்த லேபில் வேலை கிடைத்தது. அப்பா இல்லை. அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போய் இறங்கினால், அண்ணி சிரித்த முகத்தோடு, “சாப்பிட்டுத்தான வந்தீங்க?” என்று கேட்பாள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. மெல்ல மெல்லப் போவது குறைந்தது. அம்மாவும் ஏன் வரவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

தர்மபுரியில் ஒரு மாடியறை. கீழே ஓனரம்மா. லேபில் நாள் முழுக்க யார் யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருப்பேன். விரலை மடக்குங்க, நரம்பு தெரியலைங்க, அந்தக் கையக் குடுங்க. இவ்வளவுதான் பேச்சு. ஊசி குத்துகிறவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பாதிப் பேர் சுவரைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஞாயிறு மதியத்தோடு லேபை மூடிவிடுவோம். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை வரைக்கும் என்னிடம் பேச இந்த ஊரில் ஒரு ஜீவன் கிடையாது. அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல் கடைத்தெருவில் நடக்க ஆரம்பித்தேன்.

நாலு ரோட்டுப் பக்கம் அந்தக் கடை இருந்தது. ரயில் பெட்டி மாதிரி குறுகலாக, நீளமாக. இரண்டு பக்கமும் கண்ணாடி. பவுடர், நகப்பூச்சு, பாச்சை உருண்டை எல்லாம் கலந்து ஒரு வாசனை. எனக்கு வேண்டியது ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டுதான். அதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வெளியே வர முடிந்ததே இல்லை. உள்ளே ரேவதி நின்றாள். கம்பைநல்லூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், ஆனால் கடைக்குள் கால் வைக்கிற அத்தனை பேரும் அவளுக்கு அக்காதான்.

“வாங்க்கா, என்னா பாக்கறீங்க?”

“பொட்டு.”

“பொட்டு எங்க போயிரப் போகுது, குடுக்கறேன். முகம் ஏங்க்கா இப்பிடி வாடிக் கெடக்குது? தூங்கறதே இல்லைங்களா?”

உங்களுக்கும் இது நடந்திருக்கும். பொட்டு வாங்க வந்தவளின் பின்னாலேயே வந்து, அவள் முகத்தில் என்னென்ன குறை என்று ஒருத்தி அடுக்கிக்கொண்டே போவாள். கண்ணுக்குக் கீழே கருப்பு, மூக்கின் மேல் புள்ளி, உதட்டில் வெடிப்பு. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு டப்பா இருக்கும். நான் வளையல் பக்கம் நகர்ந்தால் வளையல் பக்கம் வருவாள், சீப்புப் பக்கம் நகர்ந்தால் சீப்புப் பக்கம் வருவாள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு ரேவதிக்கு நாலு ரேவதி. கையைக் கொடுங்கள் என்றெல்லாம் கேட்க மாட்டாள். தானே பிடித்து இழுத்து, புறங்கையில் லிப்ஸ்டிக்கால் கோடு கோடாகப் போட்டுவிடுவாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி எதிர்க் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது வெறுங்கையோடு இறங்கினால், “ஏம்மா, சும்மாவா அனுப்புன?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். அதற்குப் பயந்தே நான் பலமுறை வேண்டாத டப்பாக்களை வாங்கியிருக்கிறேன். ஒருமுறை தந்திரமாக மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். “கண்ணுக்கு மட்டும் எதனா காட்டட்டுங்களா?” என்றாள்.

லேப் ரிசப்ஷனில் இருந்த அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் அனுபவசாலி. “வூட்டுக்காரரு வெளிய நிக்கறாரு, திட்டுவாருன்னு சொல்லிரு. அதுக்கு மேல எந்தக் கடையிலயும் பேச மாட்டாங்க” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே சொன்னேன்.

ரேவதி வாசலை எட்டிப் பார்த்தாள். “எங்கங்க்கா? கூப்புடுங்க, உள்ள ஃபேன் ஓடுதில்ல.”

“வர மாட்டாரு. கூச்சம்.”

வாழ்க்கையில் அவரைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னதும் எனக்கே அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

தப்பிக்கச் சொன்ன வார்த்தை இப்படி மாட்டிவைக்கும் என்று அந்த அக்காவும் எதிர்பார்த்திருக்க மாட்டார். அடுத்த வாரம் போனதும், “அண்ணன் வந்துருக்காருங்களா?” என்றுதான் ரேவதி ஆரம்பித்தாள். தூங்குகிறார் என்றேன். என்ன வேலை என்றாள். பெங்களூரில் கம்பெனி, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார் என்றேன். பேரென்ன என்றபோது திணறினேன். அதையும் அவளே காப்பாற்றினாள். “பேரு சொல்ல மாட்டீங்களா? இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பொண்டாட்டியா!” என்று வாயில் கை வைத்துச் சிரித்தாள். லிப்ஸ்டிக் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது என்பேன். “அவருக்குப் புடிக்காதா, உங்களுக்குத் தைரியம் இல்லையா?” என்பாள். அவருக்கு வத்தல்மலைக்குப் பைக்கில் போக ஆசை என்றேன். பாகற்காய் சாப்பிட மாட்டார் என்றேன். ரேவதி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் போகாவிட்டால், “போன வாரம் ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டீங்களா?” என்பாள். நான் வராததைக் கவனித்த ஒரே ஆள் அவள்.

லிப்ஸ்டிக் கோடுகள் லேசில் போகாது. திங்கட்கிழமை கையுறைக்குள்ளே அவை இருப்பதை நினைத்தபடியே ஊசி குத்துவேன்.

விற்கத் தெரிந்தவள் சும்மா இருப்பாளா? எனக்கு விற்க முடியாததை அவருக்கு விற்க ஆரம்பித்தாள். ஒருநாள் ஆண்கள் சாமான் அடுக்கியிருந்த பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“அண்ணன் என்னா சோப்புங்க்கா போடறாரு?”

யோசித்தேன். அவரைப் பற்றி எவ்வளவோ தெரிந்து வைத்திருந்தேன், இது தெரியவில்லை. “சாதாரண சோப்புதான்” என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஒரு லோஷன் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். நானும் வாங்கிவிட்டேன்.

அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். வெறும் அழகுக்குத்தான். பிறகு எப்போதாவது மூடியைத் திறந்து பார்ப்பேன். ஒருநாள் கொஞ்சம் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டேன். அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பது போல.

மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த ஓனரம்மா என் வாசலில் நின்றுவிட்டார்.

“ஏம்மா, ஆம்பள வாசன வருதே?”

பாட்டிலைக் காட்டினேன். “அண்ணனுக்கு வாங்கி வெச்சிருக்கேங்க.”

“அண்ணனுக்கு வாங்குனத நீ எதுக்குத் தொறந்த?”

பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் உண்மையைவிட அது கௌரவமாகத்தான் இருந்திருக்கும்.

“வயசுப் புள்ள தனியா இருக்கற வூடு. நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது? இப்பிடின்னா வேற வூடு பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த வாரம் முழுக்க நான் படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கீழே கதவு திறந்தது. இல்லாத ஆளுக்காகக் காவல் இருந்தார். அறை போனால் மாரண்டஹள்ளிக்குத்தான் திரும்ப வேண்டும். அண்ணியின் சிரித்த முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பாட்டிலை வெளியே எடுத்தேன்.

“அண்ணனுக்குப் புடிக்கலையாமா?” என்றாள் ரேவதி.

“அப்பிடி யாரும் இல்லைங்க” என்றேன். அவ்வளவு எளிதாக வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

ரேவதி ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். “தெரியுங்க்கா. கால்ல மெட்டி இல்லன்னு மொதல்லயே பாத்தேன். இப்பல்லாம் யாரு போடறாங்கன்னு வுட்டுட்டேன். சோப்பு கேட்டேன் பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது. புருசன் இருக்கறவ அதுக்கு யோசிக்க மாட்டா.”

“தெரிஞ்சும் ஏன் அதை வித்தீங்க?”

“வாங்கறப்ப உங்க முகம் நல்லா இருந்துதுங்க்கா” என்றாள். பிறகு நகப்பூச்சுப் பாட்டில்களை நேராக அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரு என்னா சோப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும். அது ஒண்ணுதான் தெரியும். அவரு வாயத் தொறந்து பேசி எத்தன நாளாச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

முதலாளி வந்தார். நான் ஒரு அட்டை பொட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். பாட்டிலை வழியில் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டேன். ஓனரம்மாவின் காவல் தானாக ஓய்ந்தது.

இனிமேல் ரேவதியோடு உண்மையான சிநேகம் என்று நினைத்துக்கொண்டேன். கதைகளில் அப்படித்தானே நடக்கும். நடந்தது வேறு. அடுத்த வாரம் போனபோது, “வாங்க்கா” என்றாள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அத்தனை நாளும் நாங்கள் பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான். அவரில்லாமல் பேச எங்களிடம் விஷயமே இல்லை. என் முகத்தில் குறை சொல்வதையும் அவள் விட்டுவிட்டாள். “சும்மா பாத்துட்டுப் போங்க்கா, எதுவும் வாங்க வேணாம்” என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, வேறொரு பெண்ணின் பின்னால் போனாள். அவள் காட்டியது பரிவு. எனக்குத் தெரியும். ஆனாலும் கோடு எதுவும் இல்லாத கையோடு அறைக்குத் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை போல நீளமான ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை.

சில மாதங்களில் அவள் கடையைவிட்டு நின்றுவிட்டாள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக முதலாளி சொன்னார்.

பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். விடிகாலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்து நான் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ்ஸுக்காக ஒரே நிற யூனிஃபார்ம் கோட்டு மாட்டிய பெண்கள் கும்பலாக நின்றார்கள். அதிலிருந்து ஒருத்தி கை காட்டினாள். மெலிந்திருந்தாள். “அக்கா! அண்ணன் நல்லா இருக்காரா?” என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

“நல்லா இருக்காருங்க” என்றேன். “உங்களக் கேட்டாரு.”

அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்ததா என்று பார்ப்பதற்குள் கிளம்பியும் விட்டது.

அந்த முறை ஊருக்குப் போனவள் அம்மாவின் காரியம் முடித்துத்தான் திரும்பினேன். எனக்கு வரன் பார்க்க அதற்கப்புறம் யாருக்கும் நேரம் இல்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஓனரம்மா மகளோடு போய்விட்டார். ஃபேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

பக்கத்துத் தெருவில் பெரிய கடை ஒன்று வந்திருக்கிறது. ஏசி, கையில் கூடை, சாமான்கள் எல்லாம் திறந்த அடுக்கில். யாரும் பின்னால் வருவதில்லை. மூலையில் இரண்டு பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேண்டும் என்றே அங்கே ரொம்ப நேரம் நடந்து பார்த்தேன். லிப்ஸ்டிக் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்றை எடுத்து, திறந்து, மூடி, அதே இடத்தில் வைத்தேன். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தபோது வாசலில் காவலாளி என் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி அனுப்பினார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.