எனக்கு ஆங்கிலம் வராது என்றவர்

எங்கள் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. நான் திருச்சியில் அந்தக் கல்லூரியின் வேதியியல் துறையில், ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர். அத்தா, என் தகப்பனார், பெரிய கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்தார். அறுபதுகளின் நடுவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. ஒரே நிபந்தனை: எனக்கு ஆங்கிலம் போதுமான அளவு தெரியும் என்று துறைத் தலைவர் ஒருவர் சோதித்துச் சான்று தர வேண்டும். அதற்கு இவரிடம்தான் போக வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார். ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போனேன். கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, "இன்னிக்கு சௌகரியப்படாது" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த ஞாயிறும் அதே பதில். கடைசியில் கல்லூரியிலேயே, ஆசிரியர்கள் டீ குடிக்கும் அறையில், எல்லோர் முன்னாலும் சோதனையை வைத்துக்கொண்டார்.

ஆங்கிலப் பத்திரிகையை நீட்டி, "சத்தமா படிங்க" என்றார். படித்தேன். 'லேபரட்டரி' என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"லபாரட்டரி. லண்டன்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க, சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

சொன்னேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நாள் முழுக்க அதுக்குள்ளதான் நிக்கிறார். அது பேரைச் சொல்ல வரலை. குடை விக்கிறதுக்கு இந்த இங்கிலீஷ் தாராளம்."

சிரித்தார்கள். என் துறையில் மூத்தவர் ஒருவரும் சிரித்தார். சான்றிதழில் பேச்சுக்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் எதிரே 'மோசம்' என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அதை அனுப்பினேன். வேறு வழியில்லை. பல்கலைக்கழகம் உடனே மறுக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று புதிதாக ஒரு ஆங்கிலத் தேர்வு வந்திருக்கிறது, மெட்ராஸில் போய் எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று எழுதினார்கள்.

அத்தா தயங்கினார். "அவர்கிட்டயே இன்னொரு தரம் கேட்டுப் பாரேன்ப்பா. பெரிய மனுஷர்."

"அவர் வாசல்ல இனிமே நிக்க மாட்டேன், அத்தா."

தேர்வு மண்டபத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஓர் அமெரிக்கக் குரல் மூக்கால் பேசியது. முதல் இரண்டு கேள்விகள் தலைக்கு மேலே போய்விட்டன. பிறகு காது பழகியது. நடுவில் அந்தக் குரல் 'லேப்ரட்டரி' என்றது. நான் சொன்னதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அவரும் தப்பு என்ற சந்தோஷத்தில் அடுத்த கேள்வியைக் கோட்டைவிட்டேன்.

ஆனாலும் பல்கலைக்கழகம் கேட்டதைவிட அதிகமாகவே மதிப்பெண் வந்தது. இடம் உறுதியாயிற்று.

கல்லூரியில் வழியனுப்பு விழா வைத்தார்கள். ஆங்கிலத் துறைத் தலைவர் எழுந்து, ஞாயிறுதோறும் என்னை வீட்டுக்கு வரவழைத்து ஆங்கிலம் திருத்தியதாகவும், தன் கண்டிப்புதான் என்னைத் தேறவைத்ததாகவும் ஆங்கிலத்தில் பேசினார். கை தட்டினார்கள். எனக்குக் காது சூடேறியது. என் முறை வந்தது. அங்கே யாரும் மேடையில் தமிழில் பேசுவதில்லை. நான் பேசினேன்.

"சார் எனக்குக் குடுத்த சான்றிதழ்ல 'மோசம்'னு போட்டிருக்கு. அந்த இங்கிலீஷைப் பேசி உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்னு தமிழ்ல சொல்றேன். அவர் வீட்டு கேட்டைத் தாண்டி நான் உள்ள போனதே இல்லை. அவர் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லிக்குடுக்கலை."

கல்லூரி முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துறைத் தலைவர் முகம் கறுத்து வெளியே போனார்.

என் துறையின் மூத்தவர் படியருகில் என்னை நிறுத்தினார். "வயசானவர். இவ்வளவு பேசியிருக்க வேண்டாம்."

"அன்னிக்கு நீங்களும் சிரிச்சீங்க, சார்" என்றேன். அவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய வருடம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறைத் தலைவரைப் பார்த்தேன். தளர்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது என்பது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. ஸ்ரீரங்கம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். அடுத்த பஸ்ஸில் போனேன்.