ஓடைக்கரையை வழிச்ச கை

புல்லு வெட்டுற கை என் கை. தேயிலையைத் தவிர மண்ணுல எது முளைச்சாலும் பிடுங்கிப் பழகிடுச்சி. அந்தக் கையாலதான், நாங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துத் தண்ணியை நானே கெடுத்தேன்.

மேல்மலை ஊத்துல இருந்து சின்ன ஓடையா இறங்கி, லயத்துக்குப் பின்னால பீலிக் குழாயில கொட்டும் அந்தத் தண்ணி. பன்னண்டு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அதுதான். ஓடைக்கரை பூரா காட்டுச் செடி. ஆளுயரத்துக்கு மரமாட்டம் நிக்கிற பெரணி, அதுக்கடியில சேம்பு, கல்லுல ஒட்டிக்கிட்டுப் பூக்கிற காட்டுக் காசித்தும்பை, பாசி. யாரும் நட்டதில்ல. அதுங்க வேரு மண்ணைப் புடிச்சிக்கிட்டு நின்னதாலதான் எவ்வளவு மழை அடிச்சாலும் பீலித் தண்ணி தெளிவா வந்தது. இது எனக்கு நல்லாவே தெரியும். தெரியாம செஞ்சேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

போன வருசம் ஒருநாள் காலைப் பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப, எங்களை மேய்க்கிற கண்டாக்கையா என்னைக் கூப்பிட்டாரு.

"தோட்டத்தைப் பார்க்க கொழும்புல இருந்து ஆள் வாறாங்க. ஓடைக்கரையில நாட்டுச் செடி இருக்கணுமாம். நர்சரியில இருந்து கன்னு வருது, நட்டுப் பேர்ப்பலகை வைக்கணும். அதுக்கு முந்தி அந்தக் காட்டை வழிச்சி எடு."

"ஐயா, அங்க இருக்கிறதே நாட்டுச் செடிதானுங்களே?"

"அதுல பேர்ப்பலகை இருக்கா? இஷ்டமில்லன்னா சொல்லு, வேற ஆளைப் போடுறேன்."

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல தோட்டத்துல பதிஞ்ச ஆளு நான் ஒருத்திதான். நான் வேலையை விட்டு நின்னுட்டா குடியிருக்கிற காம்பராவைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க போறது? கத்தியைத் தூக்கினேன். ரெண்டே நாள்ல கரை மொட்டையாப் போச்சி. கை நிக்கவே இல்ல. அதை நெனைச்சா இன்னும் எம்மேலேயே ஆத்திரமா வருது.

கன்னை நட்டுப் பேர்ப்பலகை வச்ச அந்த வாரமே மழை. மண்ணு கரைஞ்சி, பீலியில தண்ணி தேத்தண்ணி நிறத்துல கொட்டுச்சி.

கொழும்புல இருந்து பார்க்க வந்த அம்மா, பேர்ப்பலகையெல்லாம் போன்ல படம் எடுத்துக்கிட்டுப் பீலிகிட்ட வந்தாங்க. வேலை முடிஞ்சி, வாளியோட வரிசையில நின்ன என்னைப் பார்த்துச் சிங்களத்துல கேட்டாங்க, தண்ணி எப்பவும் இப்படித்தானான்னு. அவங்களுக்குப் பின்னால கண்டாக்கையா. என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

"ஆமாங்க, எப்பவும் இப்படித்தான்"னு சொல்லிட்டேன்.

அவங்க எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு முன்னால நின்னது பக்கத்துக் காம்பராக்காரி. என் ரெண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவ. அவ நல்லாத் திட்டியிருந்தா நானும் அழுது தீர்த்திருப்பேன். அவ தன் வாளியை இழுத்து ஓரமா வச்சிட்டு எனக்கு வழி விட்டா.

"நீதான் இதைக் குடிச்சிப் பழகினவளாச்சே. முதல்ல நீ புடி."

வரிசையே பார்த்துக்கிட்டு நிக்க, புடிச்சேன்.