டீ நேரத்தில் கேட்ட என் குரல்

கொரோனாவுக்குப் பின் பனியன் கம்பெனிகள் திறந்தும் பள்ளிகள் திறக்காத நாட்கள் அவை. நான்காம் வகுப்பு ஆசிரியையான நான், தினமும் பாடத்தைப் பேசிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். தொடங்கி இரண்டு வாரமாகியும் கவிதா என்ற மாணவியிடமிருந்து மட்டும் ஒரு வீட்டுப்பாடமும் வரவில்லை. பொறுமையிழந்து, "புள்ள படிப்புல உங்களுக்கு அக்கறையே இல்லீங்களா?" என்று அவள் அம்மாவுக்குக் கடுமையாகப் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அந்த எண் வகுப்புக் குழுவிலிருந்து விலகியிருந்தது. அழைத்தாலும் எடுக்கவில்லை. படிப்பையே நிறுத்திவிட்டார்களோ என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன்.

பனியன் கம்பெனியில் டெய்லரான கவிதாவின் அம்மா தலைநிமிரவில்லை. "இருக்கறது ஒரே போனுங்க டீச்சர், எங்கூடவே கம்பெனிக்கு வந்துரும். டீ டைம்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டு, சாயங்காலம் பாப்பாவுக்குச் சொல்லுவனுங்க. போட்டோ புடிச்சு அனுப்பத்தான் தெரியலீங்க. அன்னிக்கு நீங்க திட்டுனத லைன்ல கூடத் தைக்கறவங்க எல்லாருமே கேட்டுட்டாங்க."

கவிதா உள்ளே ஓடி, பனியன் மடிப்புக்குள் வைக்கும் அட்டைகளை ஒரு கட்டாக எடுத்து வந்தாள். நான் கொடுத்த அத்தனை கணக்கும் அவற்றில் இருந்தன.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அந்த எண்ணையும் மறுபடி குழுவில் சேர்த்தேன்.

இப்போதெல்லாம் யார் குறையையும் நான் பேசிப் பதிந்து அனுப்புவதில்லை, நேரில்தான் கேட்கிறேன். அன்று முதல் பாடத்தையும் டீ நேரத்துக்கு முன்பே அனுப்பத் தொடங்கினேன். ஒருநாள் மட்டும் தாமதமாகிவிட்டது. கவிதா அம்மாவின் எண்ணிலிருந்து யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது:

"ஏனுங்க டீச்சர், டீயே குடிச்சு முடிச்சுட்டோம். நேத்து நரிக்கதைய பாதியில உட்டுட்டீங்களே?"