பெட்டி பூட்டியிருந்தது, நான் "வரலை" என்றேன்

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்த நேரம். விக்கிரமசிங்கபுரத்தில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. வேலைக்கு விண்ணப்பம் போடுவது, ரிசல்ட் பார்ப்பது, சான்றிதழ் எடுப்பது எல்லாம் அங்கேதான்.

எங்களை மாதிரிக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்டால் கடை முகவரியைப் போட்டுவிடுவோம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக மெயில் கிடையாது. இருக்கிறவர்களுக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. பதில் வந்தால் போன் பண்ணிச் சொல்லுவோம். ஆக, ஊரில் பல பேருடைய தலையெழுத்து என் மெயிலுக்குத்தான் வந்து விழும். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு வம்பு வந்தது. ஒரு பெண்ணின் சான்றிதழும் போட்டோவும் மெயிலில் கிடந்ததை, கடைக்கு வந்த எவனோ என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டான். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்த முட்டாள் நான். அந்தப் பெண்ணின் அண்ணன் கடை வாசலில் நின்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் மச்சினனிடம் சொல்லி ஒரு ஏற்பாடு செய்தேன். இணைப்போடு வருகிற மெயில் எதுவானாலும், வந்த நிமிஷமே கிளவுடில் இருக்கும் பூட்டுப் போட்ட பெட்டிக்குத் தானாகப் போய்விடும். மெயிலில் அதன் தடம்கூட இருக்காது. பெட்டிக்குள் இருப்பதை என்கிரிப்ட் செய்துவிடுவதால் சாவிச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாது. கிளவுடை நடத்துகிற கம்பெனிக்காரன்கூட முடியாது. சாவிச்சொல் முப்பது எழுத்துக்கு மேல். அதை ஒரு சின்ன டைரியில் எழுதி, வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் இடி விழுந்து கம்ப்யூட்டர் போய்விட்டது. சரிசெய்து கொண்டு வந்து போட்டதும், அதுவரை கேட்காமலே திறந்துகொண்டிருந்த பெட்டி மறுபடியும் சாவிச்சொல் கேட்டது. டைரி பீரோவில். பீரோச் சாவி என் மனைவியின் கொத்தில். தங்கையின் பிரசவத்துக்காக அவள் திசையன்விளை போயிருந்தாள், கொத்தோடு.

பஸ் ஏறினால் ஒரே நாளில் போய் வந்திருக்கலாம். பூட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பத்து நாளில் வந்துவிடுவாள், அதற்குள் என்ன குடிமுழுகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பத்து நாளில்தான் அந்த அம்மா வந்தாள். மேலே மலையில், மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டை மூடியதால் கீழே இறங்கிய பிறகு இங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் கடையில்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்த வேலையில் தங்க அறையும் உண்டு. அவளுக்கு வேலையைவிட அந்த அறைதான் பெரிசு. எஸ்டேட் வீட்டை விட்டு வந்ததிலிருந்து நாலு மாசத்தில் மூன்று வீடு மாறியிருந்தாள்.

"அண்ணாச்சி, ஏதும் வந்திருக்கா?"

மெயிலைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். நேர்காணல் கடிதம் இணைப்பாகத்தான் வரும். இணைப்பென்றால் பூட்டிய பெட்டிக்குப் போயிருக்கும். "பெட்டி பூட்டியிருக்கு, சாவி என் கையில் இல்லை" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அத்தனை பீற்றியவன் அல்லவா!

"வரலை. வந்தா போன் பண்ணுவேம்லா? சும்மா சும்மா நடக்காத."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை வந்தபோது மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். அவளோடு மலையிலிருந்து இறங்கிய இன்னொருத்தி வேறு கடையில் விண்ணப்பம் போட்டாளாம். அவளுக்குக் கடிதம் வந்துவிட்டதாம்.

"அவளுக்கு வந்திருக்கே அண்ணாச்சி. எனக்கு மட்டும் எப்படி வராமப் போகும்? பைய ஒருக்கப் பாருங்களேன்."

"அவளுக்கு வந்தா உனக்கும் வரணும்னு சட்டமா இருக்கு? அவளுக்கு நல்லாச் சமைக்கத் தெரியும்னு கூப்பிட்டிருப்பான். ஆள விடு தாயி!"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மனைவி ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை டைரியோடு கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நாற்பது, ஐம்பது மெயில் இருந்தது. அதில் அவள் கடிதமும் இருந்தது. நேர்காணல் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

போன் பண்ணி வரச் சொன்னேன். அவள் வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றதும் என் வாயிலிருந்து வேறு வந்தது.

"இப்பத்தான்மா வந்துது. அவங்க லேட்டா அனுப்பியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். படிக்கத் தெரிந்தவள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். விரல் மறுபடியும் மேலே போய் நின்றது.

"இங்கன பதினொண்ணாந்தேதின்னு போட்டிருக்கே அண்ணாச்சி. மறுநாத்தான நான் மொதல்ல வந்து கேட்டேன்?"

மெயில் வந்த தேதி உச்சியில் அச்சாகியிருந்தது. நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. பீரோ, சாவிக்கொத்து, திசையன்விளை எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பூட்டியிருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா. நான் நேர்ல போயி கேட்டிருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னாள். பெட்டியைப் பூட்டியது தப்பில்லை. சாவி கையில் இல்லாததுகூடப் பெரிய தப்பில்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரிச் சொன்னதுதான் அவள் வேலையைக் கெடுத்தது.

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். விடுதிப் பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம்ம கடைப் பெட்டிய நீரு தொறக்கலன்னா நான் என்னவே செய்ய முடியும்? ஆள் எடுத்தாச்சு. அந்த அம்மா அனுபவம் எல்லாம் நல்லாத்தான் போட்டிருந்தாங்க. வந்திருந்தா எடுத்திருப்போம்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சேரன்மகாதேவி தாண்டியதும் டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தாள், மகளுடைய பழைய போனோடு. வேறு கடை இல்லாமல் இல்லை. எதற்கு என்னிடம் வந்தாள் என்று தெரியவில்லை.

"எனக்குன்னு ஒரு மெயில் தொடங்கிக் குடுங்க அண்ணாச்சி."

தொடங்கிக் கொடுத்தேன். கடைசியில் பாஸ்வேர்டு கேட்டது. வழக்கம்போல நானே ஒன்றைப் போடப் போனேன். அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அதை நான் போட்டுக்கிடுதேன். நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கோங்க."

என் கடையில், என் நாற்காலியில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அவள் தட்டுவது பின்னால் கேட்டது. ரொம்ப நேரம் எடுத்தது. முடிந்ததும் கூலி எவ்வளவு என்றாள். வேண்டாம் என்றேன். கேட்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள், முகூர்த்தம் உள்ள நாளில் மட்டும். சாவிச்சொல் எழுதிய டைரி இப்போது என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. தினம் காலையில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் யாருக்கும் "வரலை" என்று சொல்வதில்லை. ஆனாலும் யாராவது வந்து "அண்ணாச்சி, ஏதும் வந்திருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம், நனைந்த முந்தானையால் முகம் துடைத்தபடி அவள்தான் என் முன்னால் நிற்கிறாள், இன்னும் பதில் வராதவளாக.