படிவத்தில் யாருடைய நம்பர்?

பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டோடு மலையேற நானும் நண்பன் ரொஷானும் வசந்தகாலப் பயணமொன்றைத் திட்டமிட்டோம். அம்மா தடுப்பார் என்று, மெல்பேர்ன் போவதாகச் சொன்னேன். மலைக்குப் போகிறவர்கள் திரும்பாவிட்டால் பொலிஸ் தேடுவதற்காக நிரப்பிக் கொடுக்கும் பயணப் படிவத்தில், அவசரத் தொடர்புக்கு ரொஷானின் நம்பரையே எழுதினேன்.

மலையில் மதிய வெயிலில் இளகிய பனி உடைந்து, அதனடியில் ஓடிய ஓடைக்குள் இடுப்பளவு நீரில் விழுந்தேன். போனில் சிக்னல் இல்லை. என்னை இழுத்தெடுத்த ரொஷான், "டேய், நாங்கள் திரும்பாட்டி பொலிஸ் ஆருக்குக் கோல் எடுக்கும்? எனக்கோ?" என்றான். ஈர உடையோடு நடுங்கி நடுங்கிக் காரை அடைந்தோம்.

வென்ட்வேர்த்வில் வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டித் தீர்த்த அம்மா கடைசியில், "போறதெண்டா என்ர நம்பரைக் குடுத்திட்டுப் போ. ஆறு மணிக்கு மெசேஜ் வராட்டி, ஏழுக்குப் பொலிசுக்குச் சொல்லுவன்" என்றார்.

அடுத்த வாரம் மறுபடி போகிறோம். ஓடையைக் காலையிலேயே, பனி இறுகியிருக்கும்போது கடப்போம். படிவத்தில் அம்மாவின் நம்பரை எழுதியாயிற்று.