பெயர் மாற்றிய பாடமும் கிழக்கு டெக்சாஸின் கடிதப் பெட்டிகளும்

முதலில், இதுவரை உறுதியான தகவல். வரலாற்றுப் பேராசிரியர் மலர்விழி தன் பாடத்தின் பெயர் மாற்ற விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கேட்டிருந்தார். அந்தக் கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது. பாடத்திட்டக் குழு அதைப் பரிசீலிக்கும். ஆதாரம், அவருடைய துறை அலுவலகம் கடந்த வியாழன் மாலை 4.10-க்கு அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல். அதை நானே படித்தேன். ஏற்பார்களா என்பது அதில் இல்லை.

இது எப்படிப் பயணக் கட்டுரை ஆகும் என்று கேட்பீர்கள். அந்தக் கோரிக்கை ஒரு கார் நிறுத்துமிடத்தில் எழுதப்பட்டது. அங்கே போய்ச் சேர்ந்த கதைதான் இது.

மலர்விழி, கோவையில் என்னோடு செய்தியறையில் இருந்த நண்பரின் மகள். பொள்ளாச்சிக்காரர். டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் குடியிருக்கிறார், அங்கிருந்து ஐம்பது நிமிடம் தள்ளியுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை. ‘தெற்கில் இனமும் கல்விச் சுதந்திரமும்’ என்ற பாடத்தை ஆறு முறை நடத்தியிருக்கிறார். பள்ளி, கல்லூரி, பேருந்து எல்லாவற்றிலும் கறுப்பினத்தவரைத் தனியே வைத்திருந்த காலத்தில், தெற்குக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் எதைப் பேச முடிந்தது, பேசியவர்களுக்கு என்ன ஆனது என்பதே பாடம். ஒவ்வொரு முறையும் மாணவர்களை ஒரு நாள் கிழக்கு டெக்சாஸில் உள்ள பழைய கறுப்பினக் கல்லூரி ஒன்றுக்குக் கூட்டிப் போவார். இந்த ஆண்டு பாடமே நடக்குமா என்று தெரியாததால், ஜூன் கடைசி வாரத்தில் ஆவணக் காப்பகப் பொறுப்பாளரிடம் நேரில் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

நியூ ஜெர்சியில் எடிசன் என் இருப்பிடம். நெவார்க்கிலிருந்து டாலஸுக்கு விமானத்தில் மூன்று மணி ஐம்பது நிமிடம். போக வர 238 டாலர். செவ்வாய் காலை 6.40-க்கு ரிச்சர்ட்சனில் இருந்து மலரின் காரில் புறப்பட்டோம். டாலஸைச் சுற்றும் 635-ஆம் எண் சாலையில் நெரிசல் தொடங்குமுன் தாண்டிவிட வேண்டும்; ஏழரைக்கு மேல் போனால் முக்கால் மணி நேரம் கூடுதலாகும். பிறகு 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் நேர் கிழக்கு. மொத்தம் 118 மைல். எழுபதாவது மைலைத் தாண்டியதும் பைன் மரங்கள் இருபக்கமும் நெருங்கி வருகின்றன. மண் சிவப்பாகிறது. பெட்ரோல் பங்க்கில் காபி ஒரு டாலர் 89 சென்ட், குடிக்கலாம், அவ்வளவுதான்.

வழியில்தான் நடந்ததைச் சொன்னார்.

“அங்கிள், ஆறு தடவை இதே பேர்லதானுங்க எடுத்தேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. இந்த வருஷம் இனம் பத்தின பாடம்னாலே சிலபஸ் ரிவ்யூ, அது இதுன்னு எல்லாரும் பயந்துட்டு இருந்தாங்க. கலிஃபோர்னியா சன்னிவேல்ல இருந்து தம்பி போன் பண்ணி, ‘அக்கா, இனம், சுதந்திரம்ங்கற அந்த ரெண்டு வார்த்தையும் எடுத்துடு, சாதுவா ஒரு பேரு வை’ன்னான். நானும் ‘வட்டார உயர்கல்வி வரலாறு’ன்னு மாத்தி ஃபார்ம் போட்டேன்.”

“அப்புறம்?”

“பேரு மாறினா ரூல்ஸ்படி அது நியூ கோர்ஸ். மறுபடி மொதல்ல இருந்து அப்ரூவல் வாங்கணும். கமிட்டிக்குப் போச்சு. அங்க யாரோ பிரிச்சுப் படிச்சிருக்காங்க. பேருக்கும் உள்ள இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்லையேன்னு கேட்டிருக்காங்க.” முன்னால் போன லாரியைத் தாண்டினார். “நியாயமான கேள்விதானுங்களே.”

குழு இரண்டு வழிகள் கொடுத்திருந்தது. புதிய பெயருக்குப் பொருந்தும்படி உள்ளடக்கத்தைக் குறைக்கலாம். அப்போது இந்தக் கல்லூரிப் பயணமும் போகும். அல்லது பெயர் மாற்றத்தைத் திரும்பப் பெறக் கேட்கலாம். ஆனால் ஒருமுறை கேள்விக்குள்ளான பாடத்தைக் குழு அப்படியே விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பதில் தர அன்று மாலை ஐந்து மணிவரை கெடு. மலரின் கிரீன் கார்டு விண்ணப்பம் இந்த வேலையை நம்பி நிற்கிறது. வேலை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிப்புக்கு வருகிறது. யாரும் மிரட்டவில்லை என்பதையும் அவரே சொன்னார். பதிவு செய்கிறேன்.

8.50-க்குப் போய்ச் சேர்ந்தோம். முடிவு வரும்வரை ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மலர் கேட்டுக்கொண்டார். ஊர்ப் பெயர் இல்லாத பயணக் கட்டுரையை நானும் இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் லொரெட்டா. வயது 78. ஓய்வு பெற்றும் வாரம் நான்கு நாள் வருகிறார். அவருடைய தாயார் இதே கல்லூரியில் ஆசிரியர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன். முதலில் என் சட்டைப் பையைப் பார்த்தார். “பேனாவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே பென்சில் மட்டும்தான். நிருபர் என்றால் இரண்டு பென்சில் தருகிறேன்.”

பழைய நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சுவரோடு பதித்த மரப்பெட்டிகள் 48. ஒவ்வொன்றிலும் பித்தளை எண். ஆசிரியர்களுக்கான கடிதப் பெட்டிகள். அப்போது வேலை ஓராண்டு ஒப்பந்தம். கல்லூரி கறுப்பினத்தவருக்கு, அதை ஆண்ட வாரியத்தில் முழுக்க வெள்ளையர். ஏப்ரல் கடைசி வெள்ளியன்று, அடுத்த ஆண்டு ஒப்பந்தக் கடிதத்தை முதல்வரின் செயலர் பெட்டிகளில் வைப்பார். வேலை போனவருக்குக் கடிதமே கிடையாது. பெட்டி காலியாக இருந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

“அம்மா அன்றைக்கு மட்டும் என்னைக் கூட்டிவருவார். பெட்டிக்குள் என்னைக் கை விட்டுப் பார்க்கச் சொல்வார். தானே பார்க்க மாட்டார்” என்றார் லொரெட்டா.

பிறகு ஒரு கோப்பைப் பிரித்தார். ஊரின் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் சேர்க்கக் கேட்ட மனு. நான்கு பக்கம் கையெழுத்து. பாதிரியார், முடிதிருத்துபவர், சொந்த நிலம் வைத்திருந்த விவசாயிகள் என்று வாரியத்தின் சம்பளத்தில் இல்லாதவர்கள். எல்லாம் முழுப் பெயர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒருவர் மட்டும் மூன்று முதலெழுத்துகளோடு நிறுத்தியிருக்கிறார். என் கண் நேராக அங்கேதான் போனது.

“புவியியல் ஆசிரியர்” என்றார் லொரெட்டா. “முழுப் பெயர் வேண்டாம், பாதுகாப்பாக இரு என்று நண்பர்கள் சொன்னார்களாம். வாரியத்தில் எல்லோரும் அந்த மனிதர் யார் என்று மட்டும்தான் கேட்டார்கள்.”

மனு வந்த ஆண்டு, அதற்கு அடுத்த ஆண்டு, இரண்டின் ஆசிரியர் பட்டியலையும் வாங்கி ஒப்பிட்டேன். முதலாவதில் 44 பெயர்கள். அடுத்ததில் 43. புவியியல் ஆசிரியர் இல்லை. அந்த ஆண்டின் வாரியக் குறிப்பேட்டை முழுதாகப் படித்தேன். காரணம் எதுவும் எழுதப்படவில்லை. மனுவுக்கும் வேலை போனதற்கும் தொடர்பு உண்டு என்று காகிதம் சொல்லவில்லை. லொரெட்டா சொல்கிறார்.

மலர் தன் கதையைச் சொன்னார். லொரெட்டா சத்தமாகச் சிரித்துவிட்டார். “பேராசிரியரே, வருஷா வருஷம் இந்தக் காகிதத்தை உங்கள் மாணவர்களுக்குக் காட்டுபவர் நீங்கள்தானே?”

மலரும் சிரித்தார். ஆனால் முகம் சிவந்திருந்தது.

பகல் 2.20-க்கு வெளியே வந்தோம். வெயில் 97 டிகிரி. காரைக் கிளப்பிக் குளிரூட்டியைப் போட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்தார். அந்நேரம் பார்த்து சன்னிவேலில் மென்பொருள் எழுதும் தம்பி பிரபுவின் அழைப்பு. காரின் ஒலிபெருக்கியில் வந்தது.

“அக்கா, என்ன முடிவு பண்ணுன?”

“பழைய பேருக்கே போறேன்டா.”

“லூசா நீ? கிரீன் கார்டு வரட்டும், அப்பறம் என்ன பேரு வேணா வெச்சுக்க. நான் சேஃபா இருக்கட்டும்னுதான சொன்னேன்?”

“நீ சேஃபுன்னு சொல்லித்தான்டா மாட்டுனேன். ஓடிட்டிருக்கற கோட்ல ஒரு பேர மாத்தினா என்ன ஆகும்?”

“டெஸ்ட் எல்லாம் திரும்ப ரன் ஆகும்.”

“அதேதான் இங்கயும்.”

“மாமாகிட்ட சொல்லிட்டியா?” என்றான். மாமா என்றது மலரின் கணவரை.

“காலைலயே சொல்லிட்டேன். ‘நீ பாத்துக்க, ஆனா பேர முழுசாப் போடு’ன்னாரு.”

2.41-க்குக் கோரிக்கையை அனுப்பினார். மூன்று வரிதான். மன்னிப்பு எதுவும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். பிறகு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். 5.15-க்கு ரிச்சர்ட்சன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டெக்சாஸில் பழைய கறுப்பினக் கல்லூரிகள் பல உண்டு. பெரும்பாலானவற்றில் காப்பகம் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், எந்த ஆண்டுக் கோப்பு வேண்டும் என்று குறிப்பிட்டு. நான் பார்த்த வாசிப்பறை செவ்வாய் முதல் வெள்ளி வரை, 9 முதல் 12, 1 முதல் 4. உள்ளே குளிர் அதிகம், ஸ்வெட்டர் வேண்டும். சைவ உணவு எதிர்பார்க்காதீர்கள். ஹூஸ்டன் வழியாக வருபவர்கள் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதைக் காட்டச் சொன்னாலும் குறிப்பேட்டோடு ஆசிரியர் பட்டியல்களையும் கேளுங்கள். எழுதாமல் விட்டது பட்டியலில்தான் தெரிகிறது.

இனி நிலுவையில் உள்ளது. பாடத்திட்டக் குழு ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாய் காலை பத்து மணிக்குக் கூடுகிறது. முடிவு அன்று மாலைக்குள் எழுத்தில் வரும் என்று துறை அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. மறுத்தால் காரணம் எழுதுவார்களா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. மாணவர்களுக்கான பேருந்தை அக்டோபர் முதல் வெள்ளிக்கு மலர் பதிந்து வைத்திருக்கிறார். அதை ரத்து செய்யக் கடைசி நாள், குழு கூடும் நாளுக்கு மறுநாள். லொரெட்டாவின் மேசை நாட்காட்டியில் அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மலரின் முழுப் பெயரும் பாடத்தின் பழைய பெயரும் இருக்கின்றன, பென்சிலில்.